அரசலாற்றைக் காவிரி என்று நம்பிக் கடல் வரை பறந்தேன்

ஐப்பசி முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ஸ்கூட்டரில் போனேன். முப்பத்தைந்து கிலோமீட்டர். கோயில் பார்க்கப் போகவில்லை. வானத்தில் வழி தவறிய இடத்தைத் தரையில் நின்று பார்க்கப் போனேன். விமானிப் பயிற்சியில் நொந்துபோய் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம். டெல்டாவில் ஒரு நாள் சுற்ற நினைப்பவர்களுக்கும் நேரம், தூரம், செலவு எல்லாம் உள்ளே இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வாரம், பயிற்சியாளர் இல்லாமல் நான் தனியாக ஒரு நீண்ட தூரம் பறந்து வர வேண்டியிருந்தது. கையில் வரைபடம், கடிகாரம், திசைகாட்டி மட்டும். கும்பகோணத்துக்கு மேல் வந்து, காவிரியை ஒட்டிக் கிழக்கே பன்னிரண்டு நிமிடம் பறந்தால் மயிலாடுதுறை. அங்கே திரும்பிவிட வேண்டும். நான் பிறந்ததோ நன்னிலம். எனக்குப் போய்க் காவிரியை யாராவது காட்ட வேண்டுமா என்ன? வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, கண்ணில் பட்ட ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஜோராகப் போனேன். சம்பா நடவு நேரம். வயல், வாய்க்கால், ஆறு எல்லாம் தண்ணீர், எல்லாம் ஒரே பளபளப்பு. பன்னிரண்டாம் நிமிடத்தில் ஊர் வரவில்லை. எதிர்க்காற்று அதிகம் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினேழாம் நிமிடத்தில் கடல் வந்தது. நான் பிடித்தது அரசலாறு. காரைக்காலுக்கே போய்விட்டேன்.

பத்திரமாகத்தான் திரும்பினேன், இருபத்தைந்து நிமிடம் தாமதமாக. பயிற்சியாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வியாழக்கிழமை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே பாதையில் பறந்து காட்ட வேண்டும், அதிலும் தவறினால் பயிற்சி அத்தோடு சரி என்றார். அன்றே ‘விலகிக்கொள்கிறேன்’ என்று பயிற்சிப் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரோஷம் வந்தது. கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூரில் காலை 6.10க்குப் பேருந்து. கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், நாற்பது ரூபாய். இறங்கியதும் டிகிரி காபி, முப்பது ரூபாய். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நான் நிறுத்தவில்லை. வாடகை ஸ்கூட்டர் நாளுக்கு ஐந்நூறு. வண்டி கொடுத்தவரிடம் கேட்டேன்.

“அரசலாறு எந்தப் பக்கம்ணே?”

“தெக்கால. காவிரி வடக்கால. ஊரு ரெண்டுக்கும் நடுவுல கெடக்கு. நீங்க எதுக்குப் போகணும்?”

“ரெண்டுக்கும்தான்.”

அவர் என் ஓட்டுநர் உரிமத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார்.

இரண்டு பாலத்திலும் போய் நின்றேன். இரண்டிலும் அதே செம்மண் நிறத் தண்ணீர். எது காவிரி என்று சொன்னது பாலத்தில் இருந்த பெயர்ப்பலகை. இத்தனை வருடம் பேருந்து ஜன்னலிலிருந்து பலகையைப் படித்துவிட்டு, ஆற்றையே தெரியும் என்று நினைத்திருக்கிறேன்! மேலே யார் பலகை வைத்திருக்கிறார்கள்? ஆனால் வண்டிக்காரர் சொன்னது மேலேயும் செல்லும். கிழக்கே பறக்கும்போது கும்பகோணம் வலது கைப்பக்கம் இருந்தால் காவிரி, இடது கைப்பக்கம் இருந்தால் அரசலாறு. பாலத்தின் மேல் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

அங்கிருந்து திருவிடைமருதூர் ஒன்பது கிலோமீட்டர். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு வயலில் ட்ரோன் இருந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். என் வயதுப் பெண் ஒருவர் வரப்பைச் சுற்றி நடந்து நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டிருந்தார். பெயர் செல்வராணி. வாடகைக்கு ட்ரோனில் மருந்தடிப்பவர். வயல் அவருடைய அப்பாவுடையது.

“சொந்த வயலுக்கு எதுக்குங்க கொடி?”

“சொந்த வயல்லதான்க்கா மாட்டுனேன். போன வருஷம் நம்ம வயல்தானேன்னு எல்லைக்குக் கொடி நடாம ட்ரோனைத் தூக்கிட்டேன். பக்கத்துல பெரியப்பாவோட மாப்பிள்ளைச் சம்பா, ஒரு சொட்டு மருந்து படாம வளத்தது. அதுல போயி அடிச்சிட்டேன். மூணு மாசம் பேசல அவரு.”

“அப்புறம் எப்படி மறுபடி ட்ரோனைத் தொட்டீங்க?”

“மறுநாளே ஒம்போது ஏக்கருக்குச் சொல்லியிருந்தாங்க. அழுதுகிட்டேதான் போனேன். ஆனா கொடி நட்டுட்டுத் தூக்கினேன். தெரியாத ஊருல நான் தப்பே பண்ணதில்லக்கா. அங்கல்லாம் கேட்டுக் கேட்டுத்தானே செய்யறோம்?”

என் கதையைச் சொன்னேன். “கடலுக்கா! நீங்க என்னைவிடப் பெரிய ஆளுக்கா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு நன்றாக இருந்தது! வியாழக்கிழமை அண்ணாந்து பார்த்துக் கை காட்டுகிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டார்.

ஆடுதுறை, குத்தாலம் வழியாக 11.40க்கு மயிலாடுதுறை. வழியில் ரயில் பாதை எங்கே ஆற்றை நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்று வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டேன். பெட்ரோல் நூற்றைம்பது. நன்னிலம் பக்கம் போகவே இல்லை. போனால் அத்தை, “ஏண்டி இவளே, பிளேன் ஓட்டியாச்சா?” என்பார்.

வியாழக்கிழமை. கும்பகோணம் நெருங்கியதும் பயிற்சியாளர் கேட்டார். “கீழ என்ன ஆறு?”

காவிரி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். “தெரியல சார். ஊர் எந்தப் பக்கம்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

வலது பக்கம் எட்டிப் பார்த்தேன். கோபுரங்கள், குளங்கள், ஊர். “காவிரி சார்.” மணி 9.49 என்று குறிப்பேட்டில் எழுதினேன். அவரும் தன் தாளில் குறித்துக்கொண்டார். சரியாகப் பன்னிரண்டாம் நிமிடத்தில் எங்களுக்குக் கீழே மயிலாடுதுறை! கூத்தாட வேண்டும் போல இருந்தது. இறங்கிய பிறகு, “அடுத்த வாரம் தனியாப் போயிட்டு வாங்க” என்றார். அந்த மின்னஞ்சலை அங்கேயே அழித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் ஆற்றங்கரையில் இருங்கள், அதற்குப் பிறகு வெயில் படுத்தும். ஐப்பசியில் மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள். பயிற்சியில் இருப்பவர்களுக்கு: தோற்ற அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள், எழுதினாலும் அனுப்பாதீர்கள். தவறிய இடத்துக்கு ஒரு தடவை போய் நின்று பாருங்கள். நினைத்த அளவுக்குப் பயமாக இருக்காது.

அன்று மாலை செல்வராணி செய்தி அனுப்பியிருந்தார். “அக்கா, காலைல ஒரு பிளேன் போச்சு. கை காட்டினேன். நீங்கதானே?”

ஆமாம் என்று அடித்துவிட்டேன். அனுப்பும் முன் அழித்துவிட்டு எழுதினேன். “தெரியல. எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.”

“9.52.”

குறிப்பேட்டைத் திறந்தேன். திருவிடைமருதூர், 9.52. நான்தான்.