பருப்புக் கொட்டகையில் நின்ற கார்

நாங்கள் போய் இறங்கியபோது அந்தக் காரின் வைப்பர் இரண்டும் முறிந்து தரையில் கிடந்தன. முறிந்த இடத்தில் துரு ஏறவில்லை. அன்று காலையில்தான் யாரோ முறித்திருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பித் தர வந்தவனுக்கு வைப்பர் கணக்கில் சேராது.

அப்போது நான் கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய கார் சாமான் விற்கும் ஒரு கடையில் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் லாரியோடு வடக்கே சுற்றியிருக்கிறேன், சத்தியமங்கலத்தில் கரும்பு வெட்டியிருக்கிறேன், காங்கேயத்துக் களங்களில் தேங்காய் உடைத்துப் பருப்பு காய வைத்திருக்கிறேன். எங்கும் கால் தரிக்கவில்லை. உக்கடத்துக் கடையில் வயரிங் வேலை மட்டும் கொஞ்சம் கைக்குப் படிந்தது. அதனால் நெடுநாள் நின்றுபோன வண்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள்.

கடைக்கு வந்து கேட்டவர் வயதான விவசாயி. காங்கேயம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில் மகளின் கார் ஒரு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது என்றார். மற்றதை மகள்தான் டெம்போவில் போகும்போது சொன்னாள். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த கார் அது. புருஷன் அடித்து, பல் உடைந்து, அவள் அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் சீர்ச் சாமான்களை ஒரே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கு வைப்பதற்குள் எது வாசலைத் தாண்டுகிறதோ அது அவளுக்கு. தாண்டாதது அங்கேயே நின்றுவிடும். அந்தப் பக்கம் விளக்கு வைத்துவிட்டால் ஒரு பிடி உப்புகூட வீட்டை விட்டு வெளியே போகாது. அதை வைத்துத்தான் கெடு வைத்திருந்தார்கள்.

"நகையெல்லாம் அவரு வித்துத் தின்னுட்டாருங்கண்ணா. காரு என் பேர்ல இருக்கறதால அத மட்டும் விக்க முடியல" என்றாள். பொம்பளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தரும் வேலை ஒன்று கோயமுத்தூரில் பேசி வைத்திருந்தாள். சொந்தக் கார் இருந்தால்தான் அந்த வேலை. "இல்லீன்னா அப்பன் ஊட்டு மூலைல உக்காந்து சோறு திங்கோணும்."

கார் பருப்புக் கொட்டகைக்குள் நின்றது. நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. பின்சீட்டிலும் டிக்கியிலும் கூரை வரைக்கும் மூட்டைகள். மழைக்கு நனையாமல் இருக்கத் தேங்காய்ப் பருப்பு மூட்டைகளைக் காருக்குள் அடுக்கியிருக்கிறார்கள். பருப்பு இருக்கிற இடத்துக்கு எலி வரும் என்று அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. காரை எலி கடிக்கட்டும் என்றுதான் இப்படிச் செய்தார்களோ என்னவோ.

புருஷன் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கடப்பாரை ஒன்று சாய்ந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று விசாரித்தான். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். என் அப்பனும் தாத்தனும் இப்படிப்பட்ட தோட்டங்களில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தவர்கள். ஊரைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் என்னை "டேய்" என்றுதான் கூப்பிட்டான். தாகம் எடுத்தால் மாட்டுத் தொட்டிக் குழாயில் குடித்துக்கொள்ளச் சொன்னான். தொட்டித் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

"எலிக்கு வளகாப்பே நடந்திருக்குது அதுக்குள்ள. ஓட்டிப் பாருங்க" என்று மாமனாரிடம் சிரித்தான்.

மூட்டைகளை யார் இறக்குவது என்பதில் முதல் அடி விழுந்தது. எங்கள் பருப்பை வேற்றாள் தொடக் கூடாது என்றான் அவன். சரி, நானே இறக்குகிறேன் என்று அவள் ஒரு மூட்டையை இழுத்தாள். அது எலி கடித்த மூட்டை. பிரிந்து களமெல்லாம் பருப்பு சிதறியது. அவன் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தான். ஒரே அறை, சாவகாசமாக. அவள் கார்க் கதவில் மோதிக் கீழே உட்கார்ந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவளுடைய அப்பா தரையைப் பார்த்தபடி, "கெடந்துட்டுப் போகுது கண்ணு, போயரலாம்" என்றார். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டையை இழுத்தாள். அவன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அடி விழுகிற வீடுகளில் நிறைய வேலை பார்த்திருக்கிறேன். நடுவில் போனால் அடி இரண்டாகும், வேலையும் நிற்கும். அவள் மூட்டைகளை இறக்கி முடிக்கும்வரை நான் டயருக்குக் காற்றடித்தேன்.

பானட்டைத் திறந்தபோது இன்ஜின் மேலே சணல் நாரும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு. தாய் எலி என் கைமேல் ஏறி ஓடப் பார்த்தது. ஸ்பானரால் அடித்தேன், பேட்டரித் தட்டில் நசுங்கியது. குஞ்சுகளைக் கூட்டோடு வழித்து வெளியே எறிந்தேன். அவனுடைய நாய் வந்து ஒவ்வொன்றாகத் தின்றது.

பேட்டரி உப்பிப்போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கடையிலிருந்து கொண்டுவந்ததை வைத்தேன். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது, ஸ்டார்ட்டர் டிக் டிக் என்றதோடு சரி. கேபிள் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி திருப்பினேன். இப்போது இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்பு ஒரு நொடி ரீங்கரிக்க வேண்டும். காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை.

சீட்டைத் தூக்கினால் பம்புக்குப் போகும் வயர் துண்டு துண்டாகக் கடிபட்டிருந்தது. உள்ளே எண்ணெய்ச் சிக்கு வாடையும் எலி மூத்திரமும் சேர்ந்து கண் எரிந்தது. கடிபட்டதை வெட்டி எறிந்துவிட்டு வேறு வயர் கொடுத்து முறுக்கி டேப் சுற்றினேன். பம்பு சத்தம் கொடுத்தது. கேனில் கொண்டுவந்த பெட்ரோலையும் ஊற்றினேன். இன்ஜின் பிடித்தது, இருமியது, நின்றது. மறுபடியும் அதே கதை. மூச்சுக்குக் காற்று போகவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் கூடு கட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

இன்ஜின் சத்தம் கேட்டதும் அவன் எழுந்துவிட்டான். நான் குனிந்து பெட்டியின் கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இடது கை முன்விளிம்பில் ஊன்றியிருந்தது. பானட்டைத் தாங்கும் கம்பியை அவன் தட்டிவிட்டதை நான் பார்க்கவில்லை. தலையை இழுத்துக்கொண்டேன், கையை இழுக்க முடியவில்லை. அவன் பானட்டின் மேலே இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். பூட்டு விழும் சத்தம் கேட்டது. என் விரல்கள் உள்ளே இருந்தன.

வலி உடனே வரவில்லை. முதலில் கை யாருடையதோ போல இருந்தது. பிறகு வந்தபோது காரின் மேலேயே வாந்தி எடுத்தேன்.

"கொட்டகைக்குள்ள கை வெச்சா அப்படித்தான்டா இருக்கும்" என்றான்.

அவள் ஓடிப்போய் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும் லிவரை இழுத்தாள். பானட் எகிறியது. கையை எடுத்தேன். நடுவிரலும் மோதிர விரலும் தட்டையாகியிருந்தன. அவளுடைய அப்பா தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு டெம்போவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மாமியார் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் ஏற்றிய விளக்கு. வெயில் இன்னும் தென்னை உச்சியில் இருந்தது, மாடுகூட மேய்ச்சலில் இருந்து திரும்பவில்லை. அந்த அம்மாள் நிதானமாக வாசல் மாடத்தில் விளக்கை வைத்து, கும்பிட்டு, திரும்பி நின்றார்.

"வெளக்கு வெச்சாச்சுங்க சம்பந்தி. இனி ஒண்ணும் எடுக்கக் கூடாதுங்க. போயிட்டு வாங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. விருந்துக்கு வந்தவர்களை அனுப்பி வைப்பது போல இருந்தது.

சொந்தக்காரர்கள் பேசிய பேச்சு அது. டெம்போவுக்குள் அப்பா தலையை ஆட்டினார். இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சாமான் பையைத் தேடினேன்.

அவள் மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்: "வெளக்கு ஊட்டுக்குத்தானுங்க அத்தை. என்னைத்தான் ஊட்டுக்குள்ள விடலியே. நான் கொட்டகையில நிக்கறேன்."

பிறகு என்னிடம் திரும்பி, இன்னும் என்ன பாக்கி என்று கேட்டாள். ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அது இல்லாமலே கிளப்ப வேண்டும் என்றேன். கிளிப் எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவளே கழற்றினாள். உள்ளே இருந்து ஒரு கொத்துப் பருப்புத் துணுக்குகள் கொட்டின. புருஷன் அதற்குள் கடப்பாரையை எடுக்கப் போயிருந்தான். அவள் பானட்டை அறைந்து சாத்திவிட்டு ஓடி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்தது. கொட்டகை முழுக்கக் கறுப்புப் புகை. நான் பக்கத்துச் சீட்டில் விழுந்து கதவைச் சாத்தினேன்.

கியர் போட்டு விட்டாள். கார் முக்கியது, நகரவில்லை. நிறுத்தியவன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தியிருக்கிறான். ஒரு வருஷத்தில் பிரேக் கட்டை டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது. சாவகாசமாக இருந்தால் சக்கரத்தைக் கழற்றிச் சுத்தியலால் தட்டி எடுக்கலாம்.

"ரிவர்ஸ்ல ஒரு வெட்டு வெட்டுங்க அம்மணி. உடனே முன்னால ஒண்ணு. சுவத்தப் பாக்காதீங்க" என்றேன்.

ரிவர்ஸில் வெட்டினாள். பின்னால் மண் சுவர் இடிந்து டிக்கிமேல் விழுந்தது. அவன் முன்னால் வந்து கடப்பாரையை ஓங்கி இறக்கினான். முன் கண்ணாடி முழுவதும் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. இரண்டாவது குத்தில் கடப்பாரை கண்ணாடியைப் பொத்துக்கொண்டு என் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. நல்ல கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்தான், நான் விடவில்லை. அவள் முன்னால் வெட்டினாள். பின்சக்கரத்தில் ஏதோ பட்டென்று விட்டது, கார் பாய்ந்தது. கடப்பாரையை விடாமல் பிடித்திருந்த அவன் பானட்மேல் விழுந்தான்.

அவள் நிறுத்தவில்லை. முன்னால் பார்க்க முடியாததால் தலையைப் பக்கவாட்டில் வெளியே நீட்டி ஓட்டினாள். அவன் ஒரு கையால் பானட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். களத்து மேட்டில் ஏறி இறங்கியபோது பிடி விட்டது. அவன் பக்கவாட்டில் விழுந்தான். பின்சக்கரம் அவன் காலில் ஏறி இறங்கியதைச் சீட்டில் இருந்தே உணர்ந்தேன். எருவுக்குழியோரத்தில் சக்கரம் கல்லில் ஏறினால் அப்படித்தான் இருக்கும். அவன் போட்ட சத்தம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்டது. அவள் கண்ணாடியில் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியும் அங்கே இல்லை, கடப்பாரைக் குத்தில் தெறித்துப் போயிருந்தது.

ரோட்டுக்கு வந்தபின் டெம்போ எங்களைத் தாண்டிப் போய்ப் பின்னால் வருமாறு கை காட்டியது. அவள் உதடு வீங்கியிருந்தது. ஒரு பக்கத்துத் தலைமுடி கொத்தோடு போயிருந்தது.

"நிறுத்தினா மறுபடியும் ஸ்டார்ட் ஆகுங்களாண்ணா?"

முறுக்கிவிட்ட வயரையும் ஃபில்டர் இல்லாத இன்ஜினையும் நினைத்துப் பார்த்தேன். சொல்ல முடியாது என்றேன்.

காங்கேயத்து ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஓரமாக ஒதுக்கினாள். கிளட்சை மிதித்து, ஆக்ஸிலேட்டரை விடாமல் உறுமவைத்துக்கொண்டே, "எறங்கிக்குங்கண்ணா. நான் ஆஃப் பண்ண மாட்டேன்" என்றாள். இறங்கினேன். அவள் கோயமுத்தூர் ரோட்டில் தலையை வெளியே நீட்டியபடி போனாள். எதிரில் வந்த பஸ் ஆரன் அடித்து ஒதுங்கியது.

என் இரண்டு விரல்களும் இன்றுவரை மடங்குவதில்லை. ஸ்பானரை வேறு மாதிரிப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். சில நாள் கழித்து அவளுடைய அப்பா பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தார். மாப்பிள்ளைக்குக் காலில் தகடு வைத்திருக்கிறார்கள், போலீஸ் வரை போயிருக்கிறது என்றார். கார் எங்கே என்று கேட்டேன். தன் வீட்டு வாசலில் நிற்கிறது என்றார். அன்று வந்து சேர்ந்தபின்னும் அவள் இறங்கவில்லையாம். பெட்ரோல் தீர்ந்து கார் தானாக நிற்கும் வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம்.