நுரைக்காத ஊருக்குப் போகுமுன்

பியூட்டி பார்லரில் தலை கழுவிவிடுகிறவளுக்கு, வாஷ்பேசினில் சாய்ந்திருப்பவள் எந்த ஊர்த் தண்ணீரில் குளிக்கிறாள் என்பது அவள் வாயைத் திறக்குமுன்னே விரலுக்குத் தெரிந்துவிடும். பனச்சமூட்டில் சுஜா அக்காவின் பார்லரில் சேர்ந்தபோது எனக்கு முதலில் பிடிபட்டது கடல் கடந்த ஒரு பாலைவன நகரத்துத் தலைமுடிதான். லீவுக்கு வரும் பெண்களில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை.

இப்போது எனக்கும் மகளுக்கும் விசா வந்துவிட்டது. அவள் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. கன்னத்திலும் கைமடிப்பிலும் கரப்பான் படை. நம் கிணற்றுத் தண்ணீருக்கே சிவக்கிற தோல். போவதா, அவரை அங்கே தனியாகவே விட்டுவிடுவதா என்று அவள் தூங்கினபின் உட்கார்ந்து பயப்படுகிறேன். கைப்பிள்ளைக்காரிகளுக்கு இதை விளக்க வேண்டாம்.

நுரை

குன்னத்துகால் பிந்து ஊருக்கு வந்த மறுநாள், தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். துவர்த்துக்குக் கீழே நுரை வழிந்துகொண்டிருந்தது. அங்கே ஊற்றுகிற அளவுக்கே இங்கேயும் ஷாம்புவை ஊற்றியிருக்கிறாள். அவள் அம்மா கிணற்றில் இறைத்து இறைத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், நுரை ஓயவில்லையாம்.

பேசினில் சாய்த்தேன். நுரைக்கு அடியில் முடி கயிற்றுச் சவுரி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் விட விட அது இளகி, கடைசியில் முடியாகவே ஆனது. வெறும் தண்ணீர் செய்த வேலை! பிந்து கண்ணை மூடியபடியே சொன்னாள்: “அங்க அரைக்குப்பி ஊத்துனாலும் ஒரு பொட்டு நுரை வராது பிள்ளே. நம்ம கிணத்து வெள்ளம் இப்பிடி நாணங்கெடுத்தும்னு யாரு கண்டா?”

கெட்டிலுக்குள் ஒரு மலை

லீவுக்கு வந்திருந்த மெர்சி தன் பையிலிருந்து டிஷ்யூ பேப்பரில் பொதிந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள். முட்டை ஓடு போல வெள்ளையாக, வளைவாக ஒரு சில்லு. கெட்டிலின் அடியிலிருந்து பெயர்ந்து வந்ததாம். கான்வென்ட்டில் கெமிஸ்ட்ரி சிஸ்டர் கடின நீர் நடத்தியபோது கால்சியம், மக்னீசியம் என்று பிழையில்லாமல் எழுதி மார்க் வாங்கியவள் நான். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான். எந்தக் காலத்துப் பாறையோ கரைந்து, மண்ணுக்கடியில் நடந்து, கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீராகக் குழாயில் வந்து, மெர்சி சாயா போடும்போது மறுபடியும் கல்லாகியிருக்கிறது. சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. இதிலா என் பிள்ளையைக் குளிப்பாட்டுவது?

மெர்சி ஒரே சிரிப்பு. காலையில் இதில் ஒரு துண்டை மேசைமேல் வைத்திருந்தாளாம். அவள் அப்பா அதை வெளிநாட்டுச் சுண்ணாம்பு என்று நினைத்து, பொடித்து வெற்றிலையில் தடவி, நிதானமாக மென்றுவிட்டுச் சொன்னாராம்: “கொள்ளாம் மக்கா. ஆனா காரம் போராது.”

தலைகீழ்க் குழாய்

பயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வீடியோ காலில் குளியலறையைக் காட்டினார். ஷவருக்கு வினிகர் நிறைத்த பிளாஸ்டிக் கவர் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெள்ளைப் பொருக்கு இளகுவதற்காம். கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிப்பதால் பச்சைத்தண்ணிக் குழாயில் சுடுதண்ணீர் வருமாம். ஹீட்டரை அணைத்துவிட்டால் அதற்குள் நிற்கிற தண்ணீர் ஏசி அறைக் குளிரில் ஆறுமாம். ஆகவே சுடுதண்ணிக் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர். அந்த ஊரில் தண்ணீருக்கு வேறே சட்டம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் குழாய்க்குப் பக்கத்தில் போனை நீட்டினார். “நீல ஸ்டிக்கரையும் சிவப்பு ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டியாச்சு கேட்டியா. நீ பிள்ளையோட வந்து தெரியாம திறந்திரப்பிடாதுல்லா.”

கெட்ட வெள்ளம்

நேற்று, அந்த ஊரில் நர்ஸாக இருக்கிற ஷைனி தன் மகளைக் கூட்டி வந்தாள். அங்கேயே பிறந்து வளர்கிற பிள்ளை. பள்ளிக்கூடம் போகிற வயது. அவளுக்கும் கரப்பான் இருந்ததென்று கேட்டதும் என் கை கத்தரிக்கோலோடு நின்றுவிட்டது. ஷைனி மகளின் கைமடிப்பைத் திருப்பிக் காட்டினாள். லேசான ஒரு தடம், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் சட்டென்று குளிப்பாட்டி, கடைசிக் கப் மட்டும் குடிதண்ணிக் கேனிலிருந்து ஊற்றி, ஈரம் காயுமுன் டாக்டர் சொன்ன களிம்பு. அவளுக்கு அது பல் தேய்ப்பதுபோல ஒரு வேலை.

முடி வெட்டினபின் அந்தப் பிள்ளை பேசினில் கை கழுவினாள். கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். சோப்பு போய்விட்டது, நம் தண்ணீரின் வழுவழுப்பு மட்டும் போகவில்லை. முகம் கோணிவிட்டது. விரல்களை விரித்துப் பிடித்து, ஏறக்குறைய என் பயம்போலவே ஒரு பயத்தோடு என்னிடம் சொன்னாள்: “ஆன்ட்டி, உங்க வெள்ளம் கெட்டுப்போச்சு. கையை விட்டுப் போகமாட்டேங்குது.”

இன்று காலை சுஜா அக்காவிடம் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டேன். என்றாவது லீவுக்கு வந்து என் மகளும் இதே பேசினில் கையை நீட்டி நம் கிணற்றைக் குறை சொல்லப்போகிறாள் என்பதை நினைத்தால்தான் இப்போதே கோபம் வருகிறது.