நெய்வேலியில் தலையாட்டிய தாரை

காலை 6.35. விருத்தாசலம் சந்திப்பு. ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். என் கையில் ஒன்றரை மீட்டர் அட்டைக் குழாய், அதற்குள் படங்கள். மலைமேல் உள்ள ஒரு ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் பதிவேடு எழுதுவது என் வேலை.

அங்கிருந்து பஸ்ஸில் நெய்வேலி 25 கிலோமீட்டர். டிக்கெட் 22 ரூபாய். கண்டக்டர் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"பாயாங்க?"

"விண்மீன் மண்டலத்துப் படம்."

"அவ்ளோ தூரத்துக்கு லக்கேஜ் போட எங்கிட்ட சீட்டு இல்லிங்க. சும்மா வெச்சுக்கங்க."

7.50. மந்தாரக்குப்பத்தில் பஸ் ஐந்து நிமிடம் நின்றது. இறங்கி ஒரு டீ, 12 ரூபாய். 8.20க்கு அக்கா மல்லிகாவின் குவார்ட்டர்ஸ். அவள் கணவர் செல்வராஜ் மாமா, சுரங்கச் சாலைகளில் தூசி அடங்கத் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மாலை நான்கு மணிக்கு அவர்கள் குடியிருப்பு பிளாக்கின் படிப்பகத்தில் என் பேச்சு, ஏற்பாடு மாமாவுடையது.

"மச்சான், மூணு தபா சொல்லிட்ட, ஒண்ணும் வெளங்கல. இன்னிக்கும் வெளங்கலன்னா நடுவுலயே எழுந்துகினு போயிடுவேன்."

அவர் எழுந்தால், கேட்க வரும் அவருடைய பழைய ஷிப்ட் நண்பர்கள் நாற்பது பேரும் எழுந்துவிடுவார்கள்.

10.15. படத்தை விரித்தேன். தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே பெரும் கருந்துளை. அதன் அருகிலிருந்து பீறிடும் தாரை, ரேடியோ அலைகளில் சுருள் சுருளாகத் தெரிகிறது.

"யாரு வளைச்சது?"

"யாரும் வளைக்கல மாமா."

"வளைக்காம எப்பிடிய்யா வளையும்?"

படத்தைச் சுருட்டினேன்.

11.20. அக்கா தோட்டத்தில் மிளகாய்ச் செடிகளுக்கு ரப்பர் பைப்பால் தண்ணீர் விட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டு நூர்ஜஹானிடம் கதை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு ஏற்பக் கை வட்டமிட்டது. தண்ணீர் காற்றில் சுருள் சுருளாகப் போனது.

"மல்லிகா, கைய நிறுத்தாத!" மாமா கத்தினார்.

"ஏன், நான் என்னா சாமியா ஆடிகினு இருக்கேன்?"

மாமா குனிந்து பார்த்தார். "இருவத்தாறு வருசம் தண்ணி அடிச்சிருக்கேன். ஒவ்வொரு சொட்டும் நேராத்தான் போவுது மச்சான். சுத்துறது கைதான்."

"அதேதான் மாமா! அங்கயும் தாரை பொறப்படுற வாய்தான், ஓயப்போற பம்பரம் மாதிரி தலையாட்டுது."

மாலை 4.00. அட்டைக் குழாயைத் திறக்கவே இல்லை. படிப்பகத்துக்கு வெளியே புல்தரையில் நாற்காலிகள். பைப் மாமா கையில். முதல் வரிசை முழுக்க நனைந்தது. சிரிப்பு அடங்கியதும் நூர்ஜஹான் கேட்டார்: "அண்ணே, அங்க ஒரு சுத்து சுத்த எவ்ளோ நேரம்?"

"சிலதுக்குப் பத்து, பன்னெண்டு வருசம். சிலதுக்கு ஆயிரக்கணக்குல. நாங்க வருசா வருசம் பாத்து, கொஞ்சம் நகந்திருக்கான்னு எழுதி வெப்போம்."

"அப்ப கான்ட்ராக்ட்ல ஆள் போட்டா கட்டாது," என்றார் மாமா. "பெர்மனென்ட் வேலதான்."

அவர் நடுவில் எழுந்து போகவில்லை. பைப்பை யாரிடமும் கொடுக்கவும் இல்லை.

5.45. விருத்தாசலம் போகும் பஸ். என் மலையில் ஒரு சுற்றின் சிறு துண்டைக் காண ஆண்டுகள் காத்திருக்கிறோம். இங்கே மூன்று விநாடியில் முழுச் சுற்றும் பார்த்துவிட்டேன். பஸ் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அக்கா எல்லோரையும் போலக் கையசைத்தாள். சட்டை இன்னும் காயாத மாமா மட்டும் கையைத் தூக்கி, நிதானமாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.