பாதி விலைக்குக் கிடைத்த பக்கம்

விவேக் நகரில் வீட்டின் முன்பகுதியிலேயே நாங்கள் மிக்ஸி, கிரைண்டர் கடை திறந்தது தொண்ணூறுகளின் நடுவில். தமிழ்ப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். வியாபாரத்துக்கு என்று கணவரிடம் சொன்னேன். உண்மையில் அது பக்கத்து ஏரியாவான ஈஜிபுராவில் இருந்த என் அப்பாவுக்காக. காதல் கல்யாணம் செய்துகொண்டேன் என்று அவர் என் வாசலை மிதித்ததே இல்லை. கடைத் திறப்பு அழைப்பிதழோடு போனபோதும் கதவைத் திறக்கவில்லை. கடைத் திறப்புக்கு அவர் வராவிட்டால் எனக்கு அந்தக் கடையே வேண்டியிருக்கவில்லை.

விளம்பர ஏஜென்ட் சொன்ன ரேட்டைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை. சினிமாப் பக்கம் ஒரு விலை, முதல் பக்கம் யானை விலை. மிச்சம் விழுந்த இடம் எதுவும் மலிவாகக் கிடைக்காதா என்று நச்சரித்தேன்.

"ஒரு ஜாகா இருக்கு மேடம், பாதி ரேட்டு. ஆனா கண்ணீர் அஞ்சலிப் பக்கம். நல்ல காரியத்துக்கு யாரும் வாங்க மாட்டாங்க."

எனக்கு உள்ளுக்குள் குஷி. ரிட்டயர் ஆன நாளிலிருந்து அப்பா முதலில் பிரிப்பதே அந்தப் பக்கத்தைத்தான். கூட வேலை பார்த்தவர்களில் யார் போய்விட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் காபியே இறங்கும். கண்ணாடி கூடப் போட மாட்டார், போட்டோவைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் அபசகுனம் என்று ஒதுக்கிய இடம் எனக்கு லாட்டரி.

விளம்பரத்தில் தன் போட்டோ வர வேண்டும் என்று கணவர் ஏற்கெனவே ஆசைப்பட்டிருந்தார். கைகூப்பிச் சிரிக்கும் போட்டோ ஒன்றைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் எல்லாக் கட்டத்துக்கும் கறுப்பு பார்டர் போடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்று இன்றுவரை சாதித்துவருகிறேன்.

திறப்பு நாள் காலை. கணவர் புதுச் சட்டையில் வாசலில் தேங்காயோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு ஆட்டோ வந்து நின்றது. அப்பா இறங்கினார். சட்டைப் பொத்தான் மாறிப் போயிருந்தது, கையில் பெரிய ரோஜா மாலை.

"வாங்க மாமா" என்றார் கணவர்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார், தலைக்கு மேலிருந்த கடை போர்டையும் பார்த்தார். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அறிவிருக்காடி? அந்தப் பக்கத்துல எவளாவது கடை விளம்பரம் குடுப்பாளா?"

"பாதி ரேட்டுப்பா."

கணவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தேங்காய் கைநழுவி உருண்டது.

அப்பா என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "தாலியறுத்துட்டுத் தனியா நிக்கிறியோன்னு ஓடியாந்தேன்டி" என்று தெருவே பார்க்க அழுதார். நானும் அழுதேன். இத்தனை நாள் நான் கேட்க ஏங்கிய குரல் அது, திட்டும்போதுகூட இனித்தது.

கொஞ்சம் ஆறியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரிப்பன் வெட்டியாச்சா?" என்று முறைப்பாகக் கேட்டார்.

"உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்ப்பா" என்றேன். நாங்கள் ரிப்பனே வாங்கியிருக்கவில்லை. நான் கண் காட்டியதும் கணவர் பக்கத்து ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடிப் போய் ஒரு முழம் சிவப்பு ரிப்பனும் கத்தரிக்கோலும் வாங்கி வந்தார். அவர் நீட்டிய கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு அப்பா முதல் முறையாக என் வாசலில் கால் வைத்தார்.