மாமா வந்தால்தான் மிஷின் ஓடும்

அந்த மிஷின் எங்கள் கடைக்குள் வருவதற்கே ஒரு ஜன்னலைப் பெயர்க்க வேண்டியிருந்தது. மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில், வீட்டின் முன்பக்கத்தையே ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தார் அப்பா. பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமும் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு, தொண்ணூறுகளின் கடைசியில், ஆளுயரப் படம் அச்சடித்துக் கொடுக்கும் ஆசை வந்துவிட்டது. வந்து இறங்கிய பிரிண்டர் எங்கள் கட்டில் நீளம் இருந்தது. காலில் சக்கரம். பின்னால், பாயைச் சுருட்டி மாட்டியதுபோல் ஒரு பேப்பர் ரோல். அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். உள்ளே பொடி உதிர்ந்தால் கெட்டுவிடும் என்று அத்தை ஈரத்துணியோடு ஓடிவந்து துடைத்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கணக்கில் பட்டம் வாங்கியவள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் பாராட்டிவிட்டுப் போனதோடு சரி. கடைசியாக வந்தவர்கள் போன பிறகு, “இனிமே யார் முன்னாடியும் காபித் தட்டோட வந்து நிக்க மாட்டேன். வற்புறுத்தினீங்கன்னா ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்” என்று சொல்லிவிட்டாள். அன்றோடு வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றது. தி. நகரில் ஒரு வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்து, ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்தாள். மிஷினும் அவள் பொறுப்புக்குப் போனது. அந்த அறைக்குள் தண்ணீர் டம்ளரோடு யார் வந்தாலும் கத்துவாள்.

எனக்கு மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. முதல் பெரிய வேலையாக ஒரு கல்யாண வரவேற்புக்கு ஆர்டர் வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் ஆளுயரப் படம், மண்டப வாசலில் வைக்க, அன்று சாயங்காலத்துக்குள் வேண்டும். பெண்ணின் அப்பா காலையிலேயே வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் தலை அழகாக வந்தது. தோள் வரும்போது பேப்பர் ஒரு பக்கமாக நழுவ ஆரம்பித்தது. கழுத்துக்குக் கீழே கசங்கி, மிஷின் முனகி, பீப் பீப் என்று அலறி நின்றுவிட்டது. ரோலைக் கழற்றி மாட்டி மறுபடி அடித்தாள் அத்தை. இந்த முறை முழுப் படமும் வந்தது. ஆனால் அவ்வளவு பெரிய பேப்பரின் நடுவில் இரண்டு பேரும் கொலு பொம்மை அளவில் நின்றார்கள். கோபத்தில் எதையோ மாற்றி மூன்றாவது முறை அடித்தாள். பெண்ணின் ஒரு கண்ணும் மூக்குத்தியும் மட்டும் ஜமக்காளம் அகலத்துக்கு வந்தன.

“மூக்குத்தி நல்லா விழுந்திருக்கு” என்றாள் அம்மா.

பெண்ணின் அப்பா கேட்டுச் சிரிக்கவில்லை. அப்பா நந்தனத்தில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தார்.

வெயில் உச்சியில் இருந்தபோது ஓர் இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள். கொட்டிவாக்கத்தில் வீடு என்று பிறகு தெரிந்தது. நான்தான் கதவைத் திறந்தேன். பேன்ட் போட்டு பையோடு வருகிற எவரும் எனக்கு மாமாதான். ஆகவே உள்ளே பார்த்துக் கத்தினேன். “அத்தை, மாமா வந்திருக்காரு!”

“எந்த மாமா?” என்று கேட்டபடி வந்தவள் அவரைப் பார்த்து அப்படியே நின்றாள். அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“மிஷினத் தொறக்கலாமா மேடம்?”

“தொறக்கத்தானே கூப்பிட்டோம்.”

ரோலைக் கழற்றிப் பார்த்தார். “கடைசி வரைக்கும் தள்ளி மாட்டலை மேடம். துளி இடைவெளி இருந்தாலும் போகப் போகக் கோணிக்கும்.”

“நான் சரியாத்தான் மாட்டினேன். உங்க பேப்பர்தான் மழைக்கு நமுத்த அப்பளம் மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்தார். ஜன்னலோரம் கடற்காற்று வாங்கிக் கிடந்த ரோலின் ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது. “அதுவும்தான்” என்றார்.

“அதுவும்தானா, அதுதானா?”

“ரெண்டும் மேடம்.”

நமுத்த சுற்றுகளைப் பிரித்து எறிந்தார்கள். அத்தை ஸ்கேலைப் பிடித்துக்கொள்ள, அவர் பேப்பரின் முனையை நேராக வெட்டினார். ரோலைக் கடைசி வரைக்கும் தள்ளி மாட்டினார். பிறகு படத்தின் அளவு பற்றி ஒரு சண்டை. மிஷினில் ரோல் என்று வைத்திருக்க, கம்ப்யூட்டரில் பழைய சின்னப் பேப்பரின் அளவே இருந்தது. அதைக் கண்டுபிடித்தது அத்தை. அவர் கண்டுபிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் என்று அவள் சொன்னாள். ஒரு நொடி பின்னால் என்று அவர் சொன்னார்.

மிஷின் மறுபடி ஓடியது. தலை வந்தது. தோள் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பட்டுப்புடவையின் கரை, வேட்டியின் கரை, கடைசியில் மருதாணி வைத்த பாதங்கள். பெண்ணின் அப்பா எழுந்து நின்று, “என் பொண்ணு!” என்றார், ஏதோ அவள் அந்த மிஷினில்தான் பிறந்தாள் என்பதுபோல். அம்மா கை தட்டினாள். படத்தைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றியபோது ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பிடித்தபடியே மண்டபம் வரை போனார்.

அதற்குப் பிறகுதான் விநோதம் ஆரம்பித்தது. அவ்வளவு சரியாகப் பழுது பார்த்தும், அடிக்கடி மிஷின் கெட்டுப்போனது. ஒரு வாரம் பேப்பர் கோணும். அடுத்த வாரம் படம் பாதி அளவில் வரும். அத்தை போன் செய்வாள், அவர் ஸ்கூட்டரில் வருவார், இருவரும் சண்டை போடுவார்கள். பேப்பரா, மாட்டிய விதமா, காற்றா, கம்ப்யூட்டரா என்று அவர்கள் வாதாடுவதைக் கேட்டால், ஜென்மப் பகைவர்கள் என்றுதான் தோன்றும். ஒருநாள் அவர் எலுமிச்சை ஜூஸ் டம்ளரை மிஷின் மேலேயே வைத்தார். அத்தை கத்தப்போகிறாள் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் அந்த டம்ளருக்கு அடியில் ஒரு துண்டுப் பேப்பரை மடித்து வைத்தாள், அவ்வளவுதான்.

எனக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. ஒருநாள் அவரிடம் போய்ச் சொன்னேன். “அந்த மாமாவுக்கு ரிப்பேர் பண்ணவே தெரியலப்பா. அவரு வந்துட்டுப் போனா மறுபடியும் கெட்டுடுது.”

அப்பா யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். கம்பெனிக்குப் போன் செய்து, அனுபவமுள்ள ஆளாக அனுப்பச் சொன்னார்.

ராயப்பேட்டையிலிருந்து நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் வந்தார். மிஷினைத் திறக்கக்கூட இல்லை. சில பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

“மிஷினு சோக்கா கீது சார். பேப்பர் அளவ யாரோ மாத்தி வெச்சிக்கிறாங்க. இது தானா மாறாது. உள்ள பூந்து தேடிப் போய் மாத்தணும். ரோலையும் வேணும்னே கோணலா மாட்னா மாதிரி கீது. யாரு பாக்குறது மிஷின?”

“நான்தான்” என்றாள் அத்தை, கீபோர்டைப் பார்த்தபடி.

பெரியவர் அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார். “ஜன்னலாண்ட ஈரக்காத்து ஜாஸ்தி சார். மத்தபடி ஒண்ணியும் இல்ல. நான் வர்றேன்.”

அதன் பிறகு மிஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வந்த படமெல்லாம் சொன்ன அளவில், நேராக வந்தது. அத்தைதான் சரியாகச் சாப்பிடவில்லை. வாதாட ஆள் இல்லாமல் அம்மாவின் ரசத்தோடு வாதாடினாள். “இப்பதான் நல்லா ஓடுதே அத்தை, அப்புறம் ஏன் உம்முனு இருக்கே?” என்று கேட்டேன். போய் விளையாடு என்றாள்.

அப்பா ஒருநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டு மத்தியானம் வந்தார். சமையலறையில் அம்மாவிடம், “விசாரிச்சேன். நல்ல இடமாத்தான் தெரியுது” என்று சொல்வது கேட்டது. அம்மா சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலோரம் ஈரக்காற்று என்று பெரியவர் சொன்னாரே, மிஷினை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். அதற்கு எதற்காக அம்மா முந்திரிப்பருப்பு டப்பாவை எடுக்கிறாள் என்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

அப்பா நேராக மிஷின் இருந்த அறைக்கு வந்து போனை எடுத்தார். மிஷின் அப்போது ஓர் அறுபதாம் கல்யாணத் தம்பதியை அச்சடித்துக்கொண்டிருந்தது. மாலை வரை வந்துவிட்டது.

“ஹலோ, மயிலாப்பூர் ஸ்டூடியோலேருந்து பேசறேன். மிஷின் சுத்தமா நின்னுபோச்சுங்க.”

“ஓடுதேப்பா!” என்று கத்தினேன். சத்தம் கேட்டு வந்த அம்மா என் வாயை நெய்க்கையால் மூடினாள்.

“இல்ல இல்ல, பெரியவர் வேணாம். அவரு வந்தா உடனே சரியாயிடுது. முன்னாடி வந்துட்டிருந்தாரே, கொட்டிவாக்கம் தம்பி, அவரை... ஓ, நீங்கதான் பேசறீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி. வரும்போது உங்க அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.”

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தாள். என்னைத் தூக்கி, தலை கிறுகிறுக்கும்வரை சுற்றினாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. பேப்பர் தீர்ந்துபோய் மிஷின் பீப் பீப் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக ஓடுகிற ஒரு மிஷினைப் பழுது பார்க்க மூன்று பேர் எதற்கு என்பது மட்டும் விளங்கவேயில்லை.