பேஸ் ட்ரம்மில் கத்திரிச்செடி

ராக் இசை வாசிப்பவன் கடைசியில் என்ன ஆவான் என்று யாராவது கேட்டால், தோட்டக்காரன் ஆவான் என்று சொல்வேன். எங்கள் பேண்டில் மூன்று பேர். கல்லூரி விழாக்களிலும் பாண்டிச்சேரி கடற்கரை ஹோட்டல்களிலும் காது கிழிய வாசித்தவர்கள். இன்று மூன்று பேரும் செடி வளர்க்கிறோம். ட்ரம்மர் கனடாவில் மிளகாய் வளர்க்கிறான். வருஷத்தில் பாதி நாள் அதற்குப் போர்வை போர்த்திக் காப்பாற்றுவதிலேயே போகிறது. பாடகன் பொம்மையார்பாளையத்தில் மொட்டை மாடி முழுக்கச் செம்பருத்தி வைத்திருக்கிறான். கிட்டார் வாசித்த நான் மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய வீட்டில், கத்திரிக்காயோடு மல்லுக்கட்டுகிறேன். அந்தக் காலத்தில் கச்சேரிக்கு நேரம் கழித்துப் போவதுதான் எங்களுக்குப் பெருமை. இப்போது தண்ணீர் ஊற்றக் கொஞ்சம் தாமதமானாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

இங்கே கத்திரி வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கிட்டார் கம்பியை ஒரே மாதத்தில் துருவாக்கும் காற்று, இலையை மட்டும் விட்டுவைக்குமா? போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. திண்டிவனம் பக்கத்திலிருந்து செம்மண் மூட்டைகளை வரவழைத்தேன். தொட்டிக்கு, ட்ரம்மர் என்னிடம் விட்டுப்போன பேஸ் ட்ரம்மை, காலால் மிதித்து அடிக்கும் அந்தப் பெரிய ட்ரம்மை, எடுத்துக்கொண்டேன். அடித்தோலில் ஏற்கெனவே கிழிசல் இருந்ததால் தண்ணீர் வடியவும் வசதி. படத்தை எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டதும், "டேய் கொலைகாரா" என்று கனடாவிலிருந்து அலறல் வந்தது.

அந்தக் குழு ஒன்றுதான் எனக்குப் பேச்சுத்துணை. வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய்ப் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லித்தருகிறேன். மற்ற நாட்களில் பால் போடுகிறவர், "இன்னா சார், மழை வருமா?" என்று கேட்பதோடு சரி. உப்பு வாருகிறவர்களும் வேலை முடிந்து கிளம்பிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே பாத்தி பாத்தியாக வெள்ளைதான். டிவியை ஓடவிட்டுச் சமைப்பேன். கரண்டி கீழே விழுந்தால், "பாத்து, பாத்து" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தனிமை பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

பாடகனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் குழுவில் எழுதினான்: "யாரும் வராதீங்கடா. கேக்க நல்லா இருக்காது." கழுத்தில் வைத்தால் அதிர்ந்து, வாயசைப்பைப் பேச்சாக்கித் தரும் ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவன் மனைவி போனில் சொன்னார். வீட்டு ஆட்களிடம்கூட அவசரத்துக்குத்தான் அதை எடுப்பானாம். அதற்குப் பிறகு குழுவில் செம்பருத்திப் படம் மட்டும் போடுவான். ஓர் எழுத்துகூட எழுதமாட்டான்.

நான் போகிற பஸ் அவன் ஊர் வழியாகத்தான் போகும். அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். "எறங்கறீங்களா?" என்பார் கண்டக்டர். மறுபடியும் உட்கார்ந்துவிடுவேன். எப்படியிருந்தாலும் சரி, அவன் பேசி நான் கேட்கவேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். வராதே என்றவன் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது?

இதற்கிடையில் என் கத்திரி பூத்தது. பூத்த வேகத்தில் உதிர்ந்தது. கத்திரிப்பூவின் மகரந்தம், சாப்பாட்டு மேசையில் வைக்கும், மூடியில் துளை போட்ட உப்புக் குடுவையில் இருப்பதுபோல உள்ளேயே அடைந்து கிடக்குமாம். வண்டு வந்து ரீங்காரமிட்டு உலுக்கினால்தான் கொட்டுமாம். போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் காற்றுக்கு என் வீட்டுப் பக்கம் வண்டு எட்டிப்பார்ப்பதில்லை. ரீங்காரம்தானே வேண்டும்? மேசை டிராயரில் ட்யூனிங் ஃபோர்க் இருந்தது. இரண்டு பல் வைத்த எஃகு முள். முழங்காலில் தட்டினால் ஒரே ஸ்வரம் பிசகாமல் வரும். மூன்று பேரும் அதை வைத்துத்தான் சுருதி சேர்ப்போம். அதைத் தட்டிப் பூவில் வைத்து, வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு பாடகன் எழுதினான்: "லூசு. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

வந்தான். இளைத்திருந்தான். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதன்பின் நான்தான் பேசினேன். கனடா மிளகாய், செம்மண், உப்பு, பஸ் என்று வாய் ஓயாமல் பேசினேன். அவன் தலையாட்டிக்கொண்டு டீ குடித்தான். தோட்டத்தில் பேஸ் ட்ரம்மைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

நான் ஃபோர்க்கைத் தட்டிப் பூவில் வைத்துக் காட்டினேன். ஒன்றும் கொட்டவில்லை. பூவுக்குக் கொண்டுபோவதற்குள் அதிர்வு ஓய்ந்துவிடுகிறது. மறுபடி தட்டினேன். மறுபடியும் ஒன்றுமில்லை. அவன் முகத்தில் பழைய ரிகர்சல் கடுப்பு வந்தது. என் கையைத் தள்ளிவிட்டுத் தன் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச் போல ஒன்றை எடுத்தான். பொத்தானை அழுத்திப் பூவின் காம்பில் வைத்தான். 'ர்ர்ர்' என்றது. கீழே ஏந்தியிருந்த என் உள்ளங்கையில் மஞ்சள் பொடி உதிர்ந்தது. இன்னொரு பூவில் வைத்தான், அதற்கடுத்த பூவிலும் வைத்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவன் சிரிப்பில் சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

சிரித்து முடித்து, அதே கருவியைக் கழுத்தில் வைத்தான்.

"இது எந்த சுருதின்னு பாருடா."

ஏற்றமும் இறக்கமும் இல்லாத தகரக் குரல். அரங்கையே எழுந்து நிற்கவைத்த தொண்டையிலிருந்து அது வந்தது. ஃபோர்க்கைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டேன், முகத்தைத் திருப்ப அது ஒரு சாக்கு.

"எதுலயும் சேரலடா. ரெண்டுங்கெட்டானா நிக்குது."

"நீ வாசிச்சதும் அப்படித்தான் இருந்துச்சு," என்றான்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு முன்னைவிடக் காலியாக இருந்தது. இரண்டு டீ டம்ளர் கழுவவேண்டியிருந்தது. அவனுடையதைக் காலை வரை அப்படியே வைத்திருந்தேன்.

அடுத்த வாரக் கடைசியில், அவன் கருவி வைத்த பூக்களில் மூன்று பிஞ்சு பிடித்திருந்தது. இந்த வீட்டுக்கு வந்து நான் பார்த்த முதல் காய்கள். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செய்தி இல்லை, அழைப்பு. எடுத்தால் அந்தத் தகரக் குரல்.

"காய் புடிச்சுதா?"

ட்ரம்மைப் பார்த்தேன். பிஞ்சுகள் பளபளவென்று இருந்தன.

"ஒண்ணுகூட நிக்கலடா," என்றேன். "நீதான் வந்து மறுபடியும் வைக்கணும்."

கருவி மறுபடியும் 'ர்ர்ர்' என்றது.

"சரி, ஞாயித்துக்கிழமை வர்றேன்."

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பிஞ்சையும் கிள்ளிச் சாம்பாரில் போட்டுவிட்டேன்.