வியாழனுக்கு முந்திய கையெழுத்து

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. அடுத்தவர் எலும்பில் மயிரிழை விரிசலைக்கூடத் தப்பவிடாதவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்த ஐந்து வாடகை வீடுகளில் இருந்து சலித்து, ஐம்பதாவது வயதில் சொந்த வீடு வாங்கத் துணிந்தாள்.

தம்பிதான் அந்த வீட்டைக் காட்டினான். இரண்டு படுக்கையறை, கிழக்கே ஜன்னல், புதுசாக அடித்த வெள்ளை. வேலைக்கு நடந்தே போய்விடலாம். பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் கட்டடம் சோதிக்கும் இன்ஜினியர் ஒருவரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினாள்.

"வியாழன் வரைக்கும் தாங்காதுக்கா. வேற ரெண்டு பேரு பார்த்துட்டுப் போயிருக்காங்க. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடு. இன்ஜினியர் அப்புறம் நிதானமா பார்க்கட்டும்," என்றான் தம்பி.

"பார்த்துட்டுதானேடா போடணும்?"

"நான் பார்த்துட்டேன்ல? என்மேல நம்பிக்கை இல்லையா?"

திங்கட்கிழமை ஒப்பந்தத்தின் ஏழு பக்கங்களிலும் கையெழுத்திட்டாள். தம்பியே மடமடவென்று பக்கம் புரட்டிக் கொடுத்தான்.

வியாழன் காலை, இன்ஜினியரைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்து வந்தாள். கேட்டருகே அவர் நின்றுவிட்டார்.

"இந்த வீடா? இதை நான் மூணு மாசம் முன்னாடியே சோதிச்சாச்சேம்மா."

நேராகப் பின்னறைக்குப் போய் அலமாரியை நகர்த்தினார். சுவரைத் தட்டினார், வெற்றுக் குடம்போல ஒலித்தது. புதுப்பூச்சைச் சுரண்டினார். விரல் நுழையும் அகலத்தில் விரிசல்.

"பின்பக்கம் அஸ்திவாரம் இறங்குது. அப்பவே எழுதிக் கொடுத்தேன்."

"யாருக்கு?"

அவர் தயங்கினார். பிறகு கைபேசியில் பழைய அறிக்கையைத் தேடி நீட்டினார். தலைப்பில் தம்பியின் பெயர் இருந்தது.

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தம்பி மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் மறுக்கவில்லை.

"நானே வாங்கறதா முதல்ல கையெழுத்துப் போட்டுட்டேன்கா. அப்புறம்தான் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். வேற ஆள் பிடிச்சுக் கொடுத்தா விட்டுடறேன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. நீ தனி ஆளு, எப்படியும் சமாளிச்சுடுவே."

விரிசலைக் கண்டபோது வராத அழுகை, 'தனி ஆளு' என்றதும் வந்தது. அவன் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டாள்.

அவள் தேடிப் போன வக்கீல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பக்கத்தைக் காட்டினார். 'குறைகளை அறிந்தே வாங்குகிறேன்' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து. "சோதனையை முன்னாடி வச்சிருந்தா, வேண்டாம்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்மா," என்றார்.

வேறு வழியில்லாமல் மீதிப் பணத்தைக் கட்டிக் குடிபோனாள். ஐந்து மாதம் ஆட்கள் பின்பக்கம் தோண்டிக் கான்கிரீட் போட்டார்கள். முன்னறையில் பாய் விரித்துப் படுத்தாள். தலையில் சிமெண்ட் தூசியோடு வேலைக்குப் போனாள். ஒருவழியாக வீடு நிலைத்தது.

அப்போதுதான் தம்பி ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தான்.

"சுவரெல்லாம் இப்ப நல்லா இருக்கேக்கா."

"வா" என்ற ஓரெழுத்து அவள் நாக்கில் எழவில்லை. கேட்டுக்கு உள்ளே அவள், வெளியே அவன். அவன் கடிகாரத்தை மதில்மேல் வைத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அவள் யாரையும் விசாரிக்கவில்லை.